அவர் சிரிக்கும் இடம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சிடி வாடகைக்குக் கொடுக்கும் கடை இருந்தது. ஓர் ஆங்கிலப் படத்தின் பெயரைக் காகிதத் துண்டில் எழுதிக்கொண்டுபோய் அந்தக் கடைக்காரரிடம் நீட்டினேன். நாற்பது வயது தாண்டிய முஸ்லிம் மனிதர். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைப் பார்த்தார், திரும்பவும் காகிதத்தைப் பார்த்தார்.

"யாருக்கு தங்கச்சி இது?"

"எனக்குத்தான்."

"இது ஊட்டாக்களோட பாக்க ஏலாத படம்."

"என்னோடை வீட்டாக்கள் ஒருத்தரும் இல்லை. தாங்கோ," என்றேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபமும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அந்த நாட்களில் கதைக்க ஆளில்லாமல் இருந்ததால் யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், பாய்ந்து விழுவேன். அவர் மறுபேச்சில்லாமல் அந்தப் படத்தின் இரண்டு சிடிகளையும் எடுத்து, அட்டைப் படம் வெளியே தெரியாமல் பேப்பரில் சுற்றித் தந்தார். சுற்றித் தந்த விதத்திலேயே அது என்ன மாதிரியான படமென்று நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். விளங்கவில்லை.

போர்நிறுத்தத்தில் பாதை திறந்து, யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸிலேயே கொழும்புக்கு வந்து இறங்கக்கூடியதாக இருந்த காலம். எனக்கு முப்பத்தொரு வயது, கலியாணமாகிப் பத்து மாதம், கணவர் கனடாவில். பேசிச் செய்த கலியாணம். அவர் மூன்று கிழமை லீவில் வந்து, வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் தாலி கட்டி, அதன்பிறகு பதினொரு நாள் என்னோடு இருந்துவிட்டுப் போனார். அந்தப் பதினொரு நாளில் நான்கு நாள் சொந்தக்காரர் வீடுகளில் விருந்து. இரண்டு நாள் பதிவுக் கந்தோரிலும் போட்டோக்கொப்பிக் கடையிலும் போயிற்று. ஒரு நாள் முழுக்க அவர் நித்திரை. மிச்ச நாட்களில் நான் அறிந்துகொண்டது இவ்வளவுதான்: துவாயை நான்காக மடித்துத்தான் போடுவார், சாப்பிடும்போது சத்தம் வராது, எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பார். நல்ல மனிதர். அதற்குமேல் என்னைக் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது.

அவர் என்னைக் கனடாவுக்குக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் அலுவலாகத் தூதரகத்திலிருந்து இன்ரவியூவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதற்கு ஆறு கிழமை இருந்தது. அப்பா படுக்கையில் கிடந்தார், அம்மாவால் அவரை விட்டு அசைய முடியாது. இன்ரவியூவுக்கு ஆயத்தப்படுத்த நான் தனியே வந்து ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்தேன். வீட்டுக்கார அன்ரி ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர், அளந்துதான் கதைப்பார். காலையில் "எழும்பிட்டீரோ", பின்னேரம் "கேற்றைப் பூட்டிட்டீரோ". ஒரு நாளைக்கு எனக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவும்தான். அறை ஜன்னலால் பார்த்தால் மதில். மதிலுக்கு அப்பால் ரயில் தண்டவாளம், அதற்கும் அப்பால் கடல். கடல் கேட்கும். ரயில் போகும்போது அதுவும் கேட்காது.

என்னைப்போல் காத்திருந்த பெண்கள் அப்போது வெள்ளவத்தையில் நிறையப் பேர். கையிலிருக்கும் பிளாஸ்ரிக் ஃபைலை வைத்தே ஒருத்தியை ஒருத்தி அடையாளம் பிடித்துவிடுவோம். உள்ளே கலியாணப் படங்கள், ரெலிபோன் பில்கள், பிறந்தநாள் மட்டைகள், அவர் அனுப்பின பார்சலின் ரசீதுத் துண்டு. கலியாணம் உண்மையென்பதற்கு அத்தாட்சி. அடையாளம் பிடிப்போமே தவிர ஒருவரோடொருவர் கதைக்கமாட்டோம். என் ஒழுங்கையிலேயே ஒருத்தியை, இது விசாவுக்காகச் செய்த கலியாணம் என்று சொல்லி மறுத்து அனுப்பியிருந்தார்கள். அவள் சந்தைக்குப் போகிற நேரம் பார்த்து நான் வீட்டுக்குள் நின்றுகொள்வேன். அவளுக்கு வந்தது எனக்கும் தொற்றிவிடும் என்று பயம். இப்போது இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தப் பெண்களை இன்ரவியூவுக்குப் பழக்கி எடுக்கிற ஒரு மிஸ் கொட்டாஞ்சேனையில் இருந்தார். கப்பல் கொம்பனி ஒன்றில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்ற கத்தோலிக்க அம்மா. தன் பிள்ளைகள் மூன்று பேரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருந்தார். காசு வாங்கமாட்டார், ஆனால் பிந்திப் போனால் கதவைத் திறக்கமாட்டார். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி மாறி அவரிடம் போவேன். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் வெள்ளைக்கார ஒஃபிசராக இருப்பார். மறுபக்கம் நான். கேள்விகளை ரைப் அடித்தே வைத்திருந்தார். கணவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்? தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி? கடைசியாக எதற்குச் சண்டை பிடித்தீர்கள்? அவர் எதற்குச் சிரிப்பார்?

கட்டில் தெரியும், சீனி தெரியும். சண்டைக்கு ஒன்றைக் கட்டி வைத்திருந்தேன். கடைசிக் கேள்விக்கு வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. கலியாண அல்பத்தில் சிரித்தபடி நிற்கிறார்தான், ஆனால் அது படம் எடுத்தவன் சிரிக்கச் சொன்னதால். அதைவிட அவர் சிரித்து நான் கண்ட ஞாபகம் இல்லை. அங்கே அந்த மேசையில் இருந்துகொண்டு பதினொரு நாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

"சிரிக்கிறவர் மிஸ்," என்றேன்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும் சிரிக்கிற ஆளை ஆஸ்பத்திரியிலதான் வச்சிருப்பாங்க," என்று சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "போய்க் கேட்டுட்டு வாங்க. ஒரு படம் சரி, ஒரு பகிடி சரி. ரெண்டு பேரும் ஒரே பதில் சொல்லணும். அவரையும் ஃபோன்ல கூப்பிட்டுக் கேப்பாங்க. நிறையப் பேர் மாட்டுறது இந்தக் கேள்வியிலதான்."

ஞாயிறு காலைகளில் கணவர் கனடாவிலிருந்து அன்ரியின் ரெலிபோனுக்கு எடுப்பார். ஹோலின் நடுவில் அந்த ரெலிபோன், எதிரே பேப்பரோடு அன்ரி. நான் குரலைத் தணித்து, "உங்களுக்குப் பிடிச்ச பகிடிப் படம் என்ன?" என்று கேட்டேன். என்னத்துக்கு என்று கேட்டார். இன்ரவியூவில் கேட்பார்களாம் என்றேன். "பாப்பம்," என்றார். பிறகு ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார். எழுத்துக் கூட்டிச் சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டேன்.

"நல்ல சிரிப்போ?"

"ஓம், ஓம். சரியான சிரிப்பு."

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. பத்து மாதத்தில் அவர் எனக்குச் சொன்னதெல்லாம் எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து வைப்பது என்பதுதான். முதல் தரமாகத் தன்னைப்பற்றி ஒன்றைத் தந்திருந்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை அன்ரி படுப்பார். ரீவியும் பிளேயரும் ஹோலில் இருந்தன, பாவிக்கலாம் என்று வந்த அன்றே சொல்லியிருந்தார். கதவுச் சீலையை இழுத்துவிட்டு, சத்தத்தை அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தட்டில் பிஸ்கட்கூட எடுத்து வைத்தேன். புருஷனோடு படம் பார்க்கப்போகிறேன் என்ற நினைப்பு.

பழைய வீடு, இடி, மின்னல். முகமூடிக்காரன் ஒருவன் கத்தியோடு ஒரு பெட்டையைக் கலைக்கிறான். பேய்ப் படமாக்கும் என்று காலை மடித்துக் கதிரையில் ஏற்றிக்கொண்டேன். கலைத்துக் கலைத்து அவனுக்கு இளைக்கிறது, ஓடி ஓடி அவளுக்கும் இளைக்கிறது. முடியாமல் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் போய் விழுகிறார்கள். அதற்குப் பிறகு கத்தி எங்கே போயிற்று என்று அவனும் தேடவில்லை, அவளும் தேடவில்லை. அடுத்து ஒரு பாதிரியார் பேயோட்ட வருகிறார். தீர்த்தம் அவருடைய காற்சட்டையின் முன்பக்கத்தில் ஊற்றுப்பட்டுவிட, மனிதர் அதோடேயே நின்று செபம் சொல்கிறார், பேய் செபத்தைக் கேட்காமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. கல்லறையிலிருந்து எழும்பின பிணம் ஒன்று குசு விட, மற்றப் பிணங்களெல்லாம் திரும்பக் குழிக்குள் இறங்கிப் படுத்துவிடுகின்றன. மிச்சக் கட்டில் காட்சிகளை நான் எழுதமாட்டேன். பாதிக் கண்ணைப் பொத்திக்கொண்டு, ரிமோட்டைக் கையில் பிடித்தபடி, அன்ரியின் அறைப்பக்கம் காதை வைத்துக்கொண்டு பார்த்து முடித்தேன்.

ஒரு தரம்கூடச் சிரிப்பு வரவில்லை. சீ, இதென்ன ஊத்தைப் படம் என்று பத்திக்கொண்டு வந்தது. இதைப் பார்த்தா என் புருஷன் சிரிக்கிறார்? துவாயை நான்காய் மடிக்கிற மனிதரா? அன்று பிஸ்கட்டையும் சாப்பிடவில்லை. அவருக்குள் நான் காணாத ஒருவர் இருக்கிறார் என்று பயந்தேன். வேறு யாரோ ஒருவருக்குக் கழுத்தை நீட்டிவிட்டேனோ என்றுகூட யோசித்தேன்.

அடுத்த நாள் சிடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர், "சிரிச்சீங்களா?" என்று கேட்டார்.

"சிரிக்க அதிலை என்ன கிடக்கு?"

"பேய்ப் படங்கள் பாத்திருக்கீங்களா தங்கச்சி? இங்கிலீஷ் பேய்ப் படம்?"

இல்லை என்றேன். எங்களுக்குக் கரண்ட் இருந்த காலமே குறைவு, இதில் பேய்ப் படத்துக்கு எங்கே போவது.

"அதான். இது அந்தப் படங்களை எல்லாம் நக்கலடிச்சு எடுத்தது. அதுகளைப் பாக்காம இது வெளங்காது. ஒரு மனிசனை நமக்குத் தெரியாது, அவன்ட நடையை ஒருத்தன் நடந்து காட்டுறான், நமக்குச் சிரிப்பு வருமா?"

அந்தக் கேள்வி எனக்குச் சரியாகவே பட்டது. அவர் தட்டில் தேடித்தேடி ஐந்து படங்களை எடுத்து மேசையில் வைத்தார். "இத முதல்ல பாருங்க. பொறகு அத எடுத்துட்டுப் போங்க," என்றார்.

ஐந்தையும் பார்த்தேன். மூன்று கிழமை பிடித்தது. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஓர் அப்பியாசக் கொப்பி வைத்துக் குறித்துக்கொண்டேன்: முகமூடி, இரண்டாவது படம். பாதிரியார், மூன்றாவது படம். படியேறி வரும் வெள்ளைச் சீலைப் பேய், நான்காவது படம். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் ஷெல்லுக்குப் பங்கருக்குள் இருந்தவள். ஹெலிக்குப் பயந்து வாழைக்குள் படுத்தவள். கேவலம், சிடியில் வருகிற பேய்க்குப் பயந்தேன். குளியலறை கொல்லைப் பக்கம் இருந்தது. பொழுதுபட்டபிறகு அங்கே போவதென்றால் வாயால் எதையாவது சொல்லிக்கொண்டு போவேன், வாய்ப்பாடு சொல்லியும் போயிருக்கிறேன். பயமாக இருக்கிறது என்று சொல்ல ஒரு சீவன் இருந்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். அன்ரியிடம் சொல்லலாம். சொன்னால் அளந்து ஒரு "ஓ" வரும்.

ஒரு ஞாயிறு போனில் கணவரிடமே சொன்னேன். "அந்தப் படம் பாத்தனான்."

"ஓ," என்றார். பிறகு, "நல்லது."

அவருக்கும் பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தும் முடிந்தபிறகு அந்த ஊத்தைப் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். இந்தமுறை விளங்கியது. முகமூடிக்காரன் வந்த உடனேயே அவன் எந்தப் படத்துக்காரன் என்று தெரிந்தது. பாதிரியாரைக் கண்டதும் வாய் தன்பாட்டில் கோணியது. பிறகு அந்த இடம் வந்தது.

முந்நூறு வருடமாக அந்த வீட்டில் ஆட்களைப் பயப்படுத்திக்கொண்டிருக்கிற கிழட்டுப் பேய் ஒன்று. புதிதாய்க் கலியாணம் கட்டின சோடி ஒன்று வீட்டுக்கு வருகிறது. பேய் வெள்ளைச் சீலையை உதறி உடுத்திக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அறைக் கதவடிக்குப் போகிறது. உள்ளே கட்டில் சத்தம். தட்டக் கையைத் தூக்கிவிட்டு இறக்குகிறது. முடியட்டும் என்று வந்து படியில் இருக்கிறது. முடிகிற பாடில்லை. காதைப் பொத்துகிறது. எழும்பிப் போய்க் கதவின் திறப்பு ஓட்டையால் பார்த்துவிட்டுத் தலையில் கை வைக்கிறது. திரும்ப வந்து இருக்கிறது. மேலேயிருந்து சுவர்ச் சாந்து உதிர்ந்து அதன் தலையில் கொட்டுகிறது. கடைசியில் அப்படியே படியில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிடுகிறது. விடிய, உள்ளே இருந்த இரண்டு பேரும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள்.

சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். பல மாதத்துக்குப் பிறகு என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது. சீலையை விலக்கிக்கொண்டு அன்ரி வந்து நின்றார். கண்ணாடி இல்லாமல் ரீவியை உற்றுப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது?"

"பேய்ப் படம் அன்ரி."

"பேய் எங்கை?"

"வெளியிலை. படியிலை இருக்குது."

கட்டில் சத்தம் திரும்பவும் கேட்டது. அன்ரி கொஞ்ச நேரம் நின்றார். "சத்தத்தைக் குறையும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். அதைப்பற்றிப் பிறகு ஒரு நாளும் கதைக்கவில்லை.

அவர் சிரிக்கும் இடம் அதுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். யாரும் சொல்லவில்லை. ஆனால் வேறெதற்கு ஒரு நல்ல மனிதர் அந்தப் படத்தைப் பிடித்தமென்று சொல்வார்? அந்தப் பேயைப் பார்த்துத்தான். ஊத்தையெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை, அந்தப் பேயின் பாட்டைக் கண்டு சிரித்திருக்கிறார். எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அந்த இடத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கதிரையில் அவர் இருந்தார். அவருடைய சிரிப்பை நானே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து எடுத்தேன்: முதலில் மூக்கால் வரும், பிறகு தோள் குலுங்கும், கடைசியில் புறங்கையால் கண்ணைத் துடைப்பார். சில நாட்களில் எனக்கு முதல் அவர் சிரித்துவிடுவார். "பொறுங்கோ, இனித்தான் இருக்கு," என்று வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன். விசர் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். எனக்கு அந்த மத்தியானங்களில்தான் கலியாணம் கட்டின மாதிரி இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை கொட்டாஞ்சேனை மிஸ்ஸிடம் என் பதிலைச் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை கண்ணாடியை மேலேற்றவும் மறந்துபோய் இருந்தார்.

"யேசுவே. இதைப் போய் ஒஃபிசர்கிட்ட சொல்லப்போறீங்களா?"

"கேட்டால் சொல்லுவன்."

"வேணாம் பிள்ளை. பாட்டு இருக்கிற குடும்பப் படம் ஒண்ணை ரெண்டு பேருமாப் பேசி மாத்திச் சொல்லுங்க. இந்த ஒரு பதில்ல எல்லாம் போயிரும்."

"அவர் அதுக்குச் சிரிக்கிறதில்லை மிஸ்," என்றேன். அழுத்தமாகத்தான் சொன்னேன். அவரைப்பற்றி எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான், அதையும் மாற்றச் சொல்கிறாரே என்று கோபம். மிஸ் பேனாவை மூடிவைத்துவிட்டு, எனக்காகச் செபிப்பதாகச் சொன்னார்.

இன்ரவியூ அறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டின தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். கட்டில் கேட்டார்கள், சீனி கேட்டார்கள். அல்பத்தைப் புரட்டினார்கள். பதினொரு நாள்தானா சேர்ந்திருந்தீர்கள் என்று இரண்டு தரம் கேட்டு, இரண்டு தரமும் எழுதிக்கொண்டார் அந்தப் பெண்மணி. முகம் நல்லாக இல்லை. பிறகு பேனாவை வைத்துவிட்டு ஏதோ கேட்டார்.

"உங்கடை கணவர் என்னத்துக்குச் சிரிப்பார் எண்டு கேக்கிறா," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

குடும்பப் படம் ஒன்றின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டுப் பேயின் கதையைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டில் சத்தம் வந்த இடத்தில் இருமல் வந்தது. பிறகு ஆங்கிலத்தில், அந்தக் கணவனும் மனைவியும் உள்ளே உரக்கக் கதைத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னார். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். கதைக்கிற சத்தத்துக்குப் பேய் ஏன் காதைப் பொத்தவேண்டும்? கதையே கெட்டுப்போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"நோ மேடம்," என்றேன். "நொட் ரோக்கிங். கதைக்கேல்லை."

அந்தப் பெண்மணி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியென்றால் என்ன செய்தார்கள் என்று கேட்டார்.

"ஜஸ்ட் மரிட், மேடம்."

அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தார். பெண்மணி சிரித்து முடித்து, அந்த இடத்தில் உங்கள் கணவர் எப்படிச் சிரிப்பார் என்று கேட்டார். மூக்கு, தோள், கண் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தோளைக் குலுக்கியும் காட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஃபைலை மூடினார். நாளைக்கு உங்கள் கணவரோடும் ஒருக்கால் கதைப்போம், இந்தப் பேயைப்பற்றி அவரிடமும் கேட்க வேண்டும் என்றார். கேட்கட்டும் என்று நான் பறந்துகொண்டு வெளியே வந்தேன்.

பின்னேரம் ஐந்தரைக்குக் காலி வீதியில், வெளிநாட்டுக்குப் போன் எடுக்கிற ஒரு கொமினிக்கேஷனுக்குள் போய்ப் பெட்டிக்குள் நின்று கணவருக்கு எடுத்தேன். அவருக்கு அங்கே விடிந்து, இரவு வேலை முடிந்து வந்திருக்கிற நேரம். நல்லாய்ப் போனது என்றேன். ஒஃபிசர் சிரித்ததைச் சொன்னேன், மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் குடித்ததைச் சொன்னேன்.

"உங்கடை பேய்தான் காப்பாத்தினது."

"எந்தப் பேய்?"

"படியிலை நித்திரையாப் போற பேய். உங்களையும் நாளைக்குக் கேப்பினமாம். நீங்கள் எப்பிடிச் சிரிக்கிறனீங்கள் எண்டு எல்லாம் சொன்னனான்."

இணைப்புப் போய்விட்டதென்று "ஹலோ" என்றேன்.

"இருக்கிறன்," என்றார். "நான் அந்தப் படம் பாக்கேல்லை."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். திரும்பக் கேட்டேன்.

"பாக்கேல்லை. ஃபக்டரிக்குப் போற பஸ் ஸ்டொப்பிலை அதின்ரை போஸ்டர் ஒட்டியிருந்தது. கனபேர் சிரிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி. நீர் கேட்ட நேரம் எனக்கு வேறை பேர் வரேல்லை."

"பாத்த படம் ஒண்டைச் சொல்லியிருக்கலாமே."

"இஞ்சை வந்து ஏழு வருசத்திலை நான் ஒரு படமும் பாக்கேல்லை. பகல் ஒரு வேலை, இரவு ஒரு வேலை. சனிக்கிழமை இரவு உடுப்புத் தோய்ச்சுப்போட்டு உமக்கு எடுக்கிறனான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ரிசீவரை உடைத்திருப்பேன். "அஞ்சு பேய்ப் படம் பாத்தனான்," என்றேன். "பயந்து பயந்து பாத்தனான். உங்களோடை இருந்து பாக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு பாத்தனான். அப்ப நான் ஆரோடை இருந்தனான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள், திரும்பி மூலைப்பக்கம் நின்றுகொண்டேன். அந்த ஆறு கிழமையிலும் நான் பட்ட தனிமை ஒரு தனிமையே இல்லை. அதில் பக்கத்துக் கதிரையில் ஒருவராவது இருந்தார். இப்போது அந்தக் கதிரையிலும் ஆளில்லை, போனுக்கு அந்தப் பக்கம் நின்றவரையும் எனக்குத் தெரியாது.

"கொஞ்சம் இரும்," என்றார். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது, மேசை லாச்சி திறக்கும் சத்தம் கேட்டது. "பேனை எடுத்திட்டன். இப்ப சொல்லும், ஆறுதலாச் சொல்லும். பேய் எங்கை இருக்குது?"

மறுநாள் தூதரகத்துக்கு அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் பதில் சொன்னாராம். விசாவும் வந்தது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் நின்ற எனக்கு அதெல்லாம் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, கதை முழுவதையும் சொன்னேன். சீலை உதறியதிலிருந்து, கட்டில் சத்தம், காதைப் பொத்தியது, திறப்பு ஓட்டை, தலையில் சாந்து கொட்டினது எல்லாம். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் நிறுத்தினேன், ஒரு வேளை சிரிப்பாரோ என்று. அவர் நான் சொன்ன சொற்களை மெதுவாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார்.

"இதிலை நான் எந்த இடத்திலை சிரிக்கிறனான்?"

"அது படியிலை நித்திரையாப் போற இடத்திலை."

"படியிலை... நித்திரை. எப்பிடிச் சிரிக்கிறனான்?"

"முதல் மூக்காலை. பிறகு தோள் குலுங்கும்."

"தோள் குலுங்கும்," என்றார். பேனா நின்றது. "கண்ணிலை தண்ணி வருமோ?"

"வரும்," என்றேன்.

அதையும் எழுதினார்.